துரை யார் பேச்சையும் கேட்க மாட்டார்

வணக்கம் சார்,

எங்கள் சொந்த ஊர் ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கம். நான் கல்யாணமாகி பெங்களூரில் இருக்கிறேன். என்னைவிட இரண்டு வயது மூத்த அண்ணன் அப்பா அம்மாவோடு ஊரிலேயே இருக்கிறான். மூன்று வருஷம் முன்பு ஒரு ராஜபாளையம் குட்டியை வாங்கி வந்து ‘துரை’ என்று பெயர் வைத்தான். அன்றிலிருந்து எங்கள் வீட்டு வாட்ஸாப் குழுவில் துரை பேச்சுதான்.

துரை யார் சொன்னாலும் கேட்காது. பின்னாலிருந்து தொண்டை கிழியக் கத்தினாலும் திரும்பாது. சோற்றுத் தட்டைக் கண்ணில் காட்டினால் மட்டும் ஓடி வரும். அண்ணன் அதைக் கூப்பிடும் அழகைப் பார்க்க வேண்டுமே! முன்னால் போய் நின்று, தோளில் கிடக்கும் துண்டை எடுத்து ஆட்டுவான், ரயிலுக்குக் கொடி காட்டுகிற மாதிரி. அதை வீடியோ எடுத்துக் குழுவில் போட்டு ‘ஸ்டேஷன் மாஸ்டர்’ என்று பெயர் வைத்தேன். போன லீவில் தூங்கிக்கொண்டிருந்த துரையை என் பையன் தொட்டதும் வள்ளென்று பாய்ந்துவிட்டது. நல்லவேளை, பல் படவில்லை. ஊரில் ஒருவர் தன் பெட்டை நாயோடு சேர்க்கக் கேட்டு வந்தார். அண்ணன் முடியவே முடியாது என்று அனுப்பிவிட்டான். “துரை சந்நியாசம் வாங்கிட்டாராம்” என்று அதற்கும் ஒரு வாரம் ஓட்டினேன்.

இந்தப் பொங்கலுக்கு அண்ணி வீட்டார் வந்திருந்தார்கள். அந்த நேரம் பார்த்து துரை கேட்டைத் தாண்டி ரோட்டுக்குப் போய்விட்டது. அண்ணன் ஒரு சத்தம்கூடப் போடாமல், செருப்பில்லாமல் பின்னால் ஓடிப் பிடித்து வந்தான். நான், “இந்த வீட்டுல அண்ணன் பேச்சை மதிக்காத ஆளு துரை மட்டும்தான்னு நெனச்சிடாதீங்க” என்றேன். எல்லோரும் சிரித்தார்கள், அவனைத் தவிர. மறுநாள் குழுவிலிருந்து வெளியேறிவிட்டான். போன் செய்தால் ‘ம்’, ‘சரி’ அவ்வளவுதான். “நாய்க்காக ஒரு சண்டையா” என்கிறார் அப்பா. சின்ன வயசிலிருந்தே நாங்கள் இப்படி ஓட்டிக்கொள்கிறவர்கள்தான். நான் மன்னிப்புக் கேட்க வேண்டுமா, இல்லை அவன்தான் ரொம்பத் தொட்டாற்சுருங்கியாகிவிட்டானா?

பெயர் வேண்டாம்.
ஒரு வாசகி

*

அன்புள்ள வாசகிக்கு,

துரைக்குக் காது கேட்கிறதா என்று யாராவது பார்த்தீர்களா?

உங்கள் கடிதத்தை முதல் தடவை சிரித்துக்கொண்டேதான் படித்தேன். ஸ்டேஷன் மாஸ்டர் நல்ல பெயர். இரண்டாம் தடவை படிக்கும்போது சிரிப்பு வரவில்லை. பின்னாலிருந்து கூப்பிட்டால் திரும்பாது, தட்டைக் கண்ணால் பார்த்தால் வரும், தூக்கத்தில் தொட்டால் பதறிப் பாயும் என்று நீங்கள் வேடிக்கையாக எழுதியிருக்கும் ஒவ்வொன்றையும் ஒரு கால்நடை மருத்துவரிடம் சொல்லிப் பாருங்கள். அவர் முதலில் கேட்கும் கேள்வியும் இதுவாகத்தான் இருக்கும்.

ராஜபாளையம் நாய்களில் பிறவிச் செவிடு இருக்கிறது. அந்த இனத்தை வளர்க்கிற பழைய ஆட்களுக்கு இது தெரியும், வாங்குகிறவர்களிடம்தான் யாரும் சொல்வதில்லை. பால் வெள்ளை உடம்பும் இளஞ்சிவப்பு மூக்கும்தான் அதன் அழகு என்று தலைமுறை தலைமுறையாக அதையே பார்த்து இணை சேர்த்து வந்திருக்கிறார்கள். தோலுக்கும் ரோமத்துக்கும் நிறம் கொடுக்கிற செல்கள் உட்காதிலும் இருந்தாக வேண்டும். அங்கே அவை இல்லாமல் போனால், ஒலியை வாங்குகிற நுண்ணிய செல்கள் குட்டி பிறந்த சில வாரங்களிலேயே செத்துவிடுகின்றன. வெளியே காது அழகாக நிற்கும், உள்ளே ஒன்றும் இருக்காது. டால்மேஷியனிலும் இதே கதைதான். நீலக் கண்ணுள்ள வெள்ளைப் பூனைகள் பெரும்பாலும் செவிடாக இருக்கின்றன என்று டார்வின் அந்தக் காலத்திலேயே எழுதிவிட்டார். அதற்காக வெள்ளை நாயெல்லாம் செவிடு என்று முடிவு கட்டிவிட வேண்டாம். நன்றாகக் காது கேட்டுக்கொண்டே வீம்பு பிடிக்கிற ராஜபாளையங்களும் உண்டு. ஒரே ஒரு ஆளை மட்டும் எஜமானாக ஏற்றுக்கொண்டு மற்றவர்களைச் சீந்தாத இனம் அது.

குட்டியாக வாங்கும்போது இது பிடிபடுவதும் இல்லை. கூடப் பிறந்த குட்டிகள் எழுந்தால் இதுவும் எழும், அவை ஓடினால் இதுவும் ஓடும். தனியாக ஒரு வீட்டுக்கு வந்த பிறகுதான் ‘திமிர்’ தெரிய ஆரம்பிக்கும். ஒரு காது மட்டும் கேட்காத நாய்கள் இன்னும் வேடிக்கை. சத்தம் கேட்கும், எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று தெரியாது. கூப்பிட்டால் எதிர்த்திசையில் பார்க்கும். பார்க்கிறவர்களுக்கு அது வேண்டுமென்றே அவமதிக்கிற மாதிரியே இருக்கும்.

வீட்டில் சோதித்துப் பார்க்கலாம். துரை அசந்து தூங்கும்போது, பின்பக்கம் சற்றுத் தள்ளி நின்று ஒரு எவர்சில்வர் தட்டைக் கரண்டியால் தட்ட வேண்டும். தட்டைத் தரையில் போட்டுவிடக் கூடாது. தரை அதிர்ந்தால் செவிட்டு நாயும் எழுந்துவிடும். ஒற்றைக் காது விஷயத்தை இப்படிக் கண்டுபிடிக்க முடியாது. அதற்கு ஒவ்வொரு காதிலும் தனித்தனியாக ஒலி கொடுத்து மூளையின் மின் துடிப்பைப் பதிவு செய்கிற சோதனை இருக்கிறது. எங்கே செய்கிறார்கள் என்று மருத்துவர் சொல்வார்.

ஆனால் இதையெல்லாம் உங்கள் அண்ணனுக்கு நீங்கள் போய்ச் சொல்லவேண்டிய தேவை இருக்காது என்று நினைக்கிறேன். அவருக்கு ஏற்கெனவே தெரியும்.

எப்படிச் சொல்கிறேன் என்றால், நாய்க்கு முன்னால் போய் நின்று துண்டை ஆட்டுகிற மனிதர், அதற்குக் கண்தான் வழி என்று கண்டுபிடித்தவர். ரோட்டுக்கு ஓடிய நாயின் பின்னால் யாராக இருந்தாலும் பெயரைச் சொல்லிக் கத்திக்கொண்டுதான் ஓடுவார்கள். அவர் கத்தவில்லை என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். எல்லாவற்றுக்கும் மேலே, இணை சேர்க்கக் கேட்டு வந்தவரைத் திருப்பி அனுப்பியது. நல்ல ராஜபாளையம் ஆண் நாய் வைத்திருப்பவர்கள் அப்படி ஒருவர் வந்து கேட்பதையே பெருமையாக நினைப்பார்கள், காசும் கிடைக்கும். வேண்டாம் என்று சொல்ல ஒரு காரணம் இருக்க வேண்டும். செவிடு குட்டிகளுக்கும் போகும், அதனால் அப்படிப்பட்ட நாயை இணை சேர்க்கக் கூடாது என்று அறிந்த ஒருவர் செய்கிற காரியம் அது. சந்நியாசம் என்று நீங்கள் ஒரு வாரம் ஓட்டியபோது அவர் வாயைத் திறக்கவில்லை, பாருங்கள்.

ஏன் சொல்லவில்லை? ராஜபாளையம் நாய் உங்கள் பக்கத்து ஊர்க்காரர்களுக்கு வெறும் நாய் இல்லை. 2005-ல் அஞ்சல் துறை நான்கு இந்திய நாய் இனங்களுக்குத் தபால்தலை வெளியிட்டபோது ராஜபாளையமும் அதில் ஒன்று. அப்படிப்பட்ட நாயை ஆசையாகப் பார்த்து வாங்கி வந்தவர், அது செவிடு என்று சொன்னால் உங்கள் வீட்டில் என்ன நடந்திருக்கும்? “காசு குடுத்துச் செவிட்டு நாயை வாங்கிட்டு வந்திருக்கான்” என்று குழுவில் இன்னொரு வாரம் ஓடியிருக்கும். எதைச் சொன்னாலும் ஜோக்காக மாற்றிவிடுகிற வீடுகளில் சில செய்திகளைச் சொல்ல இடமே இருப்பதில்லை. நாய் அடங்காதது என்ற பெயரே தேவலை என்று அவர் முடிவு செய்திருக்கலாம். நாயையும் காப்பாற்றினார், தன்னையும் காப்பாற்றிக்கொண்டார்.

அப்புறம் அந்தப் பொங்கல் வசனம். அது நாயைப் பற்றியது இல்லை என்பது உங்களுக்கே தெரியும். நீங்கள் பெங்களூரில். அவர் ஊரில், அப்பா அம்மாவோடு. பெற்றவர்களோடு தங்கிவிட்ட பிள்ளையின் பேச்சு அந்த வீட்டில் எவ்வளவு எடுபடும் என்பது அநேகம் பேருக்குத் தெரிந்த விஷயம். மாத்திரை வாங்குவது, கரண்ட் பில் கட்டுவது, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போவது அவர், முடிவெடுப்பது அப்பா. இதை நீங்கள் இருவரும் தனியாக இருக்கும்போது சொல்லியிருந்தால் அவரும் சேர்ந்து சிரித்திருப்பார். மச்சினன் காதில் விழும்படி சொன்னீர்கள். நம் வீடுகளில் மாமன் மச்சானைக் கேலி செய்யலாம், கொழுந்தன் மதினியைக் கேலி செய்யலாம், அதற்கு உரிமை உண்டு. கூடப் பிறந்தவளும் கேலி செய்யலாம்தான், சம்பந்திகள் இல்லாத நேரத்தில்.

அவர் தொட்டாற்சுருங்கி இல்லை. மூன்று வருஷம் தாங்கியிருக்கிறார்.

மன்னிப்பா? போனில் கூப்பிட்டு ‘ஸாரிண்ணே’ என்று ஆரம்பிக்காதீர்கள். அவருக்குக் கூச்சமாகிப் போய் அதற்கும் ‘சரி’ என்றுதான் சொல்வார். குழுவில் எழுதவே வேண்டாம். அப்பாவையும் நடுவில் இழுக்க வேண்டாம், “நாய்க்காக ஒரு சண்டையா” என்ற ஒரு வரியோடு அவர் அந்தக் கேஸை முடித்துவிட்டார். அடுத்த முறை ஊருக்குப் போகும்போது தனியாகப் பார்த்து, “துரைக்குக் கையால என்னென்ன சொல்லிக் குடுத்திருக்க, எனக்கும் காட்டு” என்று மட்டும் கேளுங்கள். செவிட்டு நாய்கள் கைச் சைகைகளை நன்றாகவே கற்றுக்கொள்ளும். உட்கார ஒன்று, வர ஒன்று, ‘சபாஷ்’ சொல்லக் கட்டைவிரலை உயர்த்துவது ஒன்று. இருட்டில் டார்ச்சை அணைத்து அணைத்துப் போட்டால் வரும்படியும் பழக்கலாம். உங்கள் அண்ணனின் துண்டு எவ்வளவு தூரம் வேலை செய்கிறது என்று பார்த்தால் நீங்களே அசந்துபோகலாம்.

அதற்கு முன்னால் உங்கள் பையனிடம் இன்றைக்கே ஒன்று சொல்லிவையுங்கள். தூங்குகிற துரையைத் தொடக் கூடாது. எழுப்ப வேண்டுமானால் கொஞ்சம் தள்ளி நின்று தரையை மிதிக்கட்டும். கேட்டுக்கு உள்தாழ்ப்பாள் வேண்டும். ஹார்ன் கேட்காத நாய் ரோட்டில் ஒரு நாள் தப்பும், எல்லா நாளும் தப்பாது. தாழ்ப்பாள் செலவை நீங்கள் ஏற்றுக்கொள்ளலாம், நீங்கள் தேடுகிற மன்னிப்பு அதிலேயே வந்துவிடும்.

கிண்டலை நிறுத்திவிடாதீர்கள். இனிமேல் அண்ணனிடம் மரியாதையாக, பார்த்துப் பார்த்துப் பேசலாம் என்று தோன்றும். அப்படி ஆரம்பித்தால் சீக்கிரமே சொந்தக்காரர்கள் ஆகிவிடுவீர்கள்.

ஒருவேளை நான் நினைத்ததெல்லாம் தப்பாக இருந்து, தட்டைத் தொட்ட சத்தத்துக்கே துரை துள்ளி எழுந்தால், அது சுத்தமான திமிர்தான். அப்போது அவர் பாடு, உங்கள் பாடு. மச்சினன் ஊருக்குப் போன பிறகு வைத்துக்கொள்ளுங்கள்.