பாதியில் நின்ற கூரை, சாவியைத் தராத பட்டறை

கேள்வி: கோவையில் துணிக்கடை வைத்திருக்கிறேன். ஆசைக்கு வாங்கிய 2008 மாடல் மெர்சிடிஸ் எஸ்எல்கே ஒன்று இருக்கிறது. கூரை மடிந்து டிக்கிக்குள் போகும் கார். கூரை பாதியில் நின்றுவிட்டதால் பட்டறையில் விட்டேன். எண்ணெய் அழுத்தத்தால் கூரையை நகர்த்தும் ஹைட்ராலிக் பம்ப் போய்விட்டது என்று மாற்றி 1,85,000 ரூபாய் வாங்கினார்கள். பத்தே நாளில் மறுபடி அதே கோளாறு. இப்போது, ‘சிலிண்டர் சீல் கசிகிறது, இன்னும் 95,000 ஆகும்’ என்கிறார்கள். வேண்டாம் என்றேன். நாளுக்கு 500 ரூபாய் ஷெட் வாடகை கட்டினால்தான் சாவி என்கிறார்கள். வழக்குப் போடலாமா? நண்பர்கள் வீட்டு மாப்பிள்ளை அழைப்புக்கு இரண்டு முறை பணம் வாங்கிக்கொண்டு கார் கொடுத்திருக்கிறேன்.

பதில்: எதிர்த்தரப்பு வக்கீல் உங்கள் கடைசி வரியைத்தான் முதலில் பிடிப்பார். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019-இன் 2(7) பிரிவுப்படி, வணிக நோக்கத்துக்காகச் சேவை பெற்றவர் நுகர்வோர் ஆகமாட்டார். ஆனால் பார்க்க வேண்டியது முதன்மையான நோக்கம் என்ன என்பதை. மருத்துவமனை அறக்கட்டளை ஒன்று செவிலியர்கள் தங்க அடுக்குமாடி வீடுகள் வாங்கிய வழக்கில், 2019-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது இதுதான். சொந்த உபயோகத்துக்கான காரை இரண்டு முறை கொடுத்ததால் அது வாடகை வண்டி ஆகிவிடாது என்று வாதாடலாம். மறைக்காதீர்கள், புகாரிலேயே சொல்லிவிடுங்கள். இனி கொடுக்கவும் வேண்டாம். வெள்ளை போர்டு வண்டியை வாடகைக்கு விட்டால் பெர்மிட், இன்சூரன்ஸ் இரண்டிலும் சிக்கல்.

அடுத்தது சாவி. செய்த வேலைக்குக் கூலி வரும்வரை பொருளைப் பிடித்து வைக்கும் உரிமை பட்டறைக்கு உண்டு: இந்திய ஒப்பந்தச் சட்டம், 1872, பிரிவு 170. பட்டை தீட்டக் கொடுத்த வைரத்தைத்தான் அங்கே உதாரணமாகச் சொல்கிறார்கள். உங்கள் விஷயத்தில் முதல் பில் கட்டியாகிவிட்டது, இரண்டாவது வேலை நடக்கவே இல்லை. அப்புறம் எதைக் காட்டிப் பிடித்து வைப்பது? பரிசோதனைக் கட்டணம் பேசியிருந்தால் அதை மட்டும் கட்டி ரசீது வாங்குங்கள். தன் பாக்கிக்காகப் பிடித்து வைத்தவர் அந்த நாட்களுக்கு வாடகை கேட்க முடியாது என்று ஒரு கப்பல் வழக்கில் 1860-லேயே அன்று அங்கே உச்ச நீதிமன்றமாக இருந்த இங்கிலாந்துப் பிரபுக்கள் சபை தீர்ப்பளித்திருக்கிறது. அந்த ஊர்த் தீர்ப்பு நம்மைக் கட்டுப்படுத்தாது. வாதத்துக்கு வலு சேர்க்கும்.

வழக்கின் உயிர் ஜாப் கார்டில், அதாவது வண்டியை விடும்போது பட்டறை எழுதும் வேலைச் சீட்டில் இருக்கிறது. நீங்கள் சொன்ன கோளாறு என்ன, அவர்கள் கண்டுபிடித்ததாக எழுதியது என்ன என்று பாருங்கள். முதல் முறையே எண்ணெய்க் கசிவைச் சொல்லியிருந்து, அவர்கள் சீலைப் பார்க்காமல் பம்பை மாற்றியிருந்தால் அது சேவைக் குறைபாடு. கழற்றிய பழைய பம்பையும் புதியதன் பில்லையும் எழுத்தில் கேளுங்கள். புதிது என்று சொல்லி பழைய பம்பை மாட்டியிருந்தால் விவகாரம் முறையற்ற வணிக நடைமுறைக்குப் போய்விடும். இந்த மாடலில் டிக்கிக்குள் இருக்கும் திரையை இழுத்து மாட்டாவிட்டால் கூரை அசையாது. பேட்டரி இறங்கினாலும் மக்கர் செய்யும். ‘ஓட்டுபவரின் தவறு’ என்று கை காட்டுவார்கள். ஆகவே வண்டி கைக்கு வந்ததும், வேறு கை படுவதற்கு முன், இந்தக் கார் தெரிந்த இன்னொரு மெக்கானிக்கிடம் கையெழுத்திட்ட அறிக்கை வாங்குங்கள்.

முதலில் 15 நாள் அவகாசம் கொடுத்து வக்கீல் நோட்டீஸ். மசியாவிட்டால் கோவை மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார். கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் இருப்பதால் கட்டணம் கிடையாது. கெடு, பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டு. வழக்கு முடியும்வரை காத்திராமல் காரை ஒப்படைக்கச் சொல்லி நுகர்வோர் சட்டத்தின் 38(8) பிரிவின் கீழ் இடைக்கால மனுவும் சேர்த்தே போடுங்கள்.

கூரை இப்போதும் பாதி திறந்தே நிற்கிறதா? அப்படியானால் இன்றே படம் எடுத்து, தார்ப்பாய் போட்டு மூடச் சொல்லி வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள். தன் பொருளைப் போலப் பார்த்துக்கொள்ள வேண்டிய கடமை ஒப்பந்தச் சட்டத்தின் 151-ஆம் பிரிவுப்படி அவர்களுக்கு இருக்கிறது. மழை உள்ளே இறங்கி சீட்டும் ஒயரிங்கும் போனால் அதையும் நஷ்டஈட்டில் சேர்த்துக் கேட்கலாம். மாற்றுச் சாவியை எடுத்துக்கொண்டு ராத்திரியில் நீங்களே போய் ஓட்டி வந்துவிடாதீர்கள். அவர்கள் போலீஸில் ஒரு புகார் கொடுத்தால் போதும், நீங்கள் பதில் சொல்லும் இடத்தில் நிற்பீர்கள்.