அடி தட்டுவதும் முட்டி மடங்குவதும்

அன்புள்ள சார்,

‘ஹேட்ச்பேக்கைக் கொஞ்சம் தூக்கிக் கட்டி எஸ்யூவி என்று விற்கிறார்கள், நாமும் வரிசையில் நின்று வாங்குகிறோம்’ என்று போன மாதம் எழுதியிருந்தீர்கள். படித்ததும் கொஞ்சம் கோபம்தான் வந்தது. பத்து லட்சத்துக்குள் கார் பார்க்கிறேன். வீட்டில் நான், மனைவி, ஏழாவது படிக்கும் மகள், எழுபது வயது அம்மா. அம்மாவுக்கு முட்டி வலி. எனக்குப் பிடித்தது மாருதியின் பலேனோ, உயரம் குறைந்த ஹேட்ச்பேக். மச்சான் அதே மாருதியின் குட்டி எஸ்யூவியான ஃப்ரான்க்ஸ்தான் எடுக்கணும் என்று ஒற்றைக்காலில் நிற்கிறார். எங்கள் ஊர்ச் சாலையைப் பார்த்தால் அவர் சொல்வதும் சரியாகத்தான் படுகிறது. உயரமான கார் வாங்கும் ஊரே முட்டாளா சார்?

எஸ்., கோபிசெட்டிபாளையம்

அன்புள்ள எஸ்.,

ஊர் முட்டாள் இல்லை. அந்த வரியில் நக்கல் கொஞ்சம் கூடிவிட்டது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் சொன்ன விஷயம் அப்படியேதான் இருக்கிறது. நீங்கள் கேட்ட இரண்டு கார்களையே எடுத்துக்கொள்வோம்.

பலேனோவின் நீளம் 3,990 மி.மீ., ஃப்ரான்க்ஸ் 3,995. வீல்பேஸ், அதாவது முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் உள்ள தூரம், இரண்டுக்கும் 2,520. டர்போ வேண்டாம் என்றால் எஞ்சினும் அதே 1.2 லிட்டர்தான். டிக்கி பலேனோவில் 318 லிட்டர், ஃப்ரான்க்ஸில் 308. ஆமாம், ‘பெரிய’ காரில்தான் டிக்கி சின்னது! கூடுதலாகக் கிடைப்பது 5 செ.மீ. கூரை உயரமும் 20 மி.மீ. கிரவுண்ட் கிளியரன்ஸும் (தரைக்கும் காரின் அடிக்கும் உள்ள இடைவெளி). உங்கள் கட்டைவிரல் அகலம்தான் அந்த 20 மி.மீ.

இந்த விலைக் கார்கள் பலவும் நாலு மீட்டருக்குச் சற்றுக் கீழே வந்து நிற்பது தற்செயல் இல்லை. 2006 பட்ஜெட்டில் நாலு மீட்டருக்கு மிகாத, 1,200 சிசி வரையிலான பெட்ரோல் காருக்கும் 1,500 சிசி வரையிலான டீசல் காருக்கும் கலால் வரியை 24-லிருந்து 16 சதவீதமாகக் குறைத்தார்கள். அன்றிலிருந்து நம் கார்களை வரைவது பாதி டிசைனர், பாதி ஆடிட்டர். டாடா 2008-ல் இண்டிகோவின் வாலை வெட்டி இண்டிகோ சிஎஸ் என்று விட்டது. 4,160 மி.மீ. இருந்த மாருதி டிசையர் 2012-ல் 3,995 ஆனது. 440 லிட்டர் டிக்கி 316 ஆகச் சுருங்கியது. அடுத்த வருடம் மறைமலை நகரிலிருந்து ஃபோர்டு ஈகோஸ்போர்ட் வந்தது. நீளம் 3,999 மி.மீ., கிரவுண்ட் கிளியரன்ஸ் 200. ஜாதகம் பார்த்து வைத்த நீளம்! ஃபோர்டு இங்கே கார் விற்பதை நிறுத்திவிட்டது, ஆனால் அது காட்டிய வழியில்தான் எல்லோரும் போகிறார்கள். 2024-ல் நாட்டிலேயே அதிகம் விற்ற டாடா பஞ்ச், அன்று நீளத்தில் ஸ்விஃப்ட்டை விடக் குட்டை. 2025 செப்டம்பரில் ஜிஎஸ்டியை மாற்றியபோதும் அந்த நாலு மீட்டர் கோட்டை அழிக்கவில்லை. இந்தப் பக்கம் 18 சதவீதம், அந்தப் பக்கம் 40.

சரி, வரி கம்பெனிக்காரர்களின் கதை. நாம் ஏன் உயரத்தைத் தேடுகிறோம்?

நான் சில வருடம் ஒரு செடான், அதாவது டிக்கி தனியாக நீண்டிருக்கும் தாழ்வான கார், வைத்திருந்தேன். ஒருமுறை ஐந்து பேராகக் கல்யாணத்துக்குப் போகும்போது, ஒரு ஊர் முனையில் யாரோ மிச்சத் தாரையும் ஜல்லியையும் கொட்டிக் கட்டிய வேகத்தடை. மெதுவாகத்தான் ஏற்றினேன். ‘கர்ர்ர்’ என்று ஒரு சத்தம், பல் கூசியது. என்னைத் தவிர எல்லோரும் இறங்கினார்கள். பட்டுப்புடவையும் பட்டுவேட்டியுமாக நான்கு பேர் நடந்து அந்தப் பக்கம் போக, காலிக் காரை நான் குறுக்காக ஏற்றி இறக்கினேன். டீக்கடையில் இருந்தவர்களுக்கு அது தினப்படிக் காட்சி போல, ஒருவரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. சாலைகளுக்கு விதி வகுக்கும் இந்திய சாலை காங்கிரஸ் அமைப்பின் விதிப்படி வேகத்தடை 10 செ.மீ. உயரத்தில் 3.7 மீட்டர் அகலத்துக்குப் படுத்திருக்க வேண்டும். அப்படி இருந்தால் எந்தக் காருக்கும் அடி தட்டாது. நம் ஊரில் அது சுவர் மாதிரி எழுந்து நிற்கிறது. ஆக, சாலைக்காரர் செய்யாத வேலைக்கு நாம் கார் விலையில் காசு கட்டுகிறோம். அந்த வகையில் உங்கள் மச்சான் சொல்வது நியாயம்தான்.

ஆனால் அவர் இரண்டு உயரங்களைக் குழப்பிக்கொள்கிறார். சாலைக்கு வேண்டியது காரின் அடி உயரம். அம்மாவின் முட்டிக்கு வேண்டியது சீட்டின் உயரம். ஒன்று இருந்தால் இன்னொன்றும் இருக்கும் என்று சொல்ல முடியாது. வேகன்ஆரைப் பாருங்கள். கிரவுண்ட் கிளியரன்ஸ் 165 மி.மீ.தான், ஆனால் கூரை உயரம் 1,675, ஃப்ரான்க்ஸ் 1,550-தான். நாற்காலியில் உட்கார்வதுபோல் அப்படியே பின்னால் சாய்ந்து உட்காரலாம், தலையைக் குனிய வேண்டாம். 1998-ல் இருங்காட்டுக்கோட்டையிலிருந்து வந்த ஹூண்டாயின் உயரமான முதல் சான்ட்ரோவை அசிங்கமாக இருக்கிறது என்று சிரித்தவர்கள், வீட்டுப் பெரியவர்கள் ஏறி இறங்கிய பிறகு வாயை மூடிக்கொண்டார்கள். எஸ்யூவி என்ற சொல் தெருவுக்கு வருவதற்கு முன்பே நமக்கு உயரமான கார் பிடித்திருந்தது.

அதனால் ஷோரூமுக்கு மச்சானோடு போகாதீர்கள். அம்மாவைக் கூட்டிக்கொண்டு போங்கள். பின்சீட்டில் மூன்று முறை ஏறி இறங்கச் சொல்லுங்கள். கதவுப் பிடியைப் பற்றாமல் எழ முடிகிறதா, உட்கார்ந்தபின் முட்டி இடுப்பை விட மேலே வருகிறதா என்று பாருங்கள். டெஸ்ட் டிரைவுக்கு அவர்கள் காட்டும் பைபாஸ் வேண்டாம். நான்கு பேரையும் ஏற்றிக்கொண்டு உங்கள் தெரு வேகத்தடையில் ஓட்டிப் பாருங்கள். விளம்பரத்தில் போடும் கிரவுண்ட் கிளியரன்ஸ் பெரும்பாலும் ஆள் ஏறாத காருக்கானது. அதில் பலேனோ தட்டாமல் போனால் பலேனோவே எடுங்கள். தட்டினால் ஃப்ரான்க்ஸ். இரண்டிலும் அம்மா முகம் சுளித்தால், உங்களுக்குப் பிடிக்காவிட்டாலும் பஞ்சையும் வேகன்ஆரையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

அம்மா என்ன சொன்னார் என்று எழுதுங்கள். மச்சான் சொல்வது எனக்குத் தெரியும்.