மாடி ஏறிப் பார்க்காதவரிடம் முன்பணம் கொடுக்காதீர்கள்

வாசகர் கேள்வி – பதில்: வீட்டு சோலார்

கேள்வி: வேதாரண்யம் பக்கம், கடலுக்குக் கிட்டத்தில் எங்கள் வீடு. தளம் போட்ட மாடி வீடு. 3 கிலோவாட் சோலார் போட மூன்று பேரிடம் கொட்டேஷன் வாங்கினோம். மூன்றிலும் பேனல் ஒரே கம்பெனிதான், விலையில் மட்டும் பெரிய வித்தியாசம். குறைந்த விலை சொன்னவர் வாட்ஸ்அப்பில் மாடி போட்டோ வாங்கிக்கொண்டு அன்றைக்கே கொட்டேஷன் அனுப்பிவிட்டார். அவருக்கே கொடுத்துவிடலாம் என்கிறார் வீட்டுக்காரர், எனக்கு மனசு ஒப்பவில்லை. என்ன செய்யலாம்?
– வாசகி, வேதாரண்யம்

பதில்: உங்கள் மனசு சொல்வதுதான் சரி. பேனல் ஒரே கம்பெனி என்றால் விலை வித்தியாசம் அநேகமாக அதைத் தாங்குகிற இரும்பில் இருக்கும், இல்லாவிட்டால் பேனல் டிசிஆர் வகையா என்பதில் இருக்கும். டிசிஆர் என்றால் பேனல் மட்டுமல்ல, அதற்குள் இருக்கிற சோலார் செல்களும் இந்தியாவிலேயே செய்தவை, மத்திய அரசு மானியம் அதற்குத்தான் உண்டு. அந்த வார்த்தை கொட்டேஷனில் எழுத்தில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

இரும்புக்கு வருவோம். 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் கரையைக் கடந்தது உங்கள் ஊருக்கும் நாகப்பட்டினத்துக்கும் நடுவில்தான், காற்று என்ன செய்யும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. 3 கிலோவாட்டுக்கு இப்போது வருகிற பெரிய பேனல் ஆறு வேண்டும், ஆறும் சேர்ந்தால் சுமார் 165 சதுர அடிப் பரப்பு. சாய்த்து நிறுத்திய அந்தப் பரப்புக்கு அடியில் காற்று புகுந்தால் மேலே தூக்கத்தான் பார்க்கும். அதனால் பேனல் எத்தனை கிலோ என்பதை விட, அது தளத்தோடு எப்படிப் பிடித்திருக்கிறது என்பதே முக்கியம்.

இங்கேதான் நம் பக்கத்து மாடிகளில் ஒரு சிக்கல். பெரும்பாலான வீடுகளில் கான்கிரீட் தளத்துக்கு மேலே ஜல்லி, சுண்ணாம்பு போட்டு, அதற்கு மேல் தட்டோடு என்கிற தட்டையான ஓட்டைப் பதித்திருப்பார்கள். மேலிருந்து துளை போட்டு போல்ட்டை இறக்கினால் அது தட்டோட்டையும் சுண்ணாம்பையும் மட்டும் பிடித்துக்கொண்டு நிற்கும், கான்கிரீட்டைத் தொடவே தொடாது. புயலில் பெயர்ந்துவிடும், அதுவரைக்கும் அந்தத் துளை வழியாக மழைத் தண்ணீர் கீழே இறங்கிக்கொண்டிருக்கும். இதற்குப் பயந்துகொண்டு சிலர் துளையே போடாமல் சிமென்ட் கட்டைகளை மாடியில் சும்மா வைத்து அதன்மேல் ஸ்டாண்டை நிறுத்திவிடுகிறார்கள். கடற்கரைப் பக்கத்துக்கு இதை நான் ஒத்துக்கொள்ளவே மாட்டேன். கால் வருகிற இடத்தில் தட்டோட்டை வெட்டி எடுத்து, கான்கிரீட்டில் போல்ட்டை இறக்கி, சுற்றிச் சின்னப் பீடம் கட்டி, நீர் புகாத பூச்சு கொடுத்து, வாட்டத்துக்குத் தண்ணீர் ஓடுகிற வழியும் விட வேண்டும். “எங்கள் மாடியில் தட்டோடு இருக்கிறது, எப்படிப் பிடிப்பீர்கள்?” என்று மூன்று பேரிடமும் கேளுங்கள். யாருக்கு வேலை தெரியும் என்பது அந்த ஒரு கேள்வியிலேயே தெரிந்துவிடும். போட்டோ பார்த்துக் கொட்டேஷன் போட்டவருக்கு ஜல்லி எத்தனை அங்குலம் இருக்கிறது என்று எப்படித் தெரியும்?

அடுத்தது துரு. உப்புக் காற்றில் சாதாரண இரும்பு நிற்காது. ஸ்டாண்ட் உருக்கிய துத்தநாகத்தில் முக்கியெடுத்ததாக, பூச்சு குறைந்தது 80 மைக்ரானாக இருக்க வேண்டும், நட்டும் போல்ட்டும் எவர்சில்வரில் இருக்க வேண்டும். அளந்து பார்க்க முடியாதே என்றால், வேலை முடிந்ததும் பைப்பை வெட்டிய முனையையும் வெல்டிங் வைத்த இடத்தையும் உற்றுப் பாருங்கள். வெல்டிங் சூட்டில் துத்தநாகம் எரிந்துபோயிருக்கும், அதை மறைக்க மேலே சில்வர் பெயின்ட் அடித்திருப்பார்கள், இரண்டு ஐப்பசி அடைமழைக்குள் துரு கிளம்புவது அங்கிருந்துதான். அளவெடுத்து வெட்டித் துளை போட்டு, அப்புறம் முக்கியெடுத்து, மாடியில் போல்ட் போட்டு மட்டும் பூட்டுகிறவர் கிடைத்தால் சில ஆயிரம் கூடப் போனாலும் அவரையே பிடியுங்கள். பேனலுக்கும் உப்புக் காற்றைத் தாங்குமா என்று சோதித்த சான்றிதழ் உண்டு, கேட்டு வாங்குங்கள்.

சோலார் போடுகிறவர் போன மாதம் முடித்த வீட்டைக் காட்டினால் போதாது. உங்கள் பக்கத்திலேயே மூன்று மழைக்காலம் பார்த்த வீடு ஒன்றைக் காட்டச் சொல்லி, உங்கள் வீட்டுக்காரரையும் கூட்டிக்கொண்டு போய் ஸ்டாண்டின் கால்களைப் பாருங்கள்.

கேள்வி: வீட்டுக்குத் தெற்கே நாலு தென்னை நிற்கிறது. அதை வெட்டினால்தான் சோலார் போட முடியும் என்கிறார்கள், அப்படியா?
– வாசகர், பட்டுக்கோட்டை

பதில்: அவசரப்பட்டு வெட்டாதீர்கள். மார்கழியில் வெயில் தெற்கே சாயும்போது நிழல் எதுவரை வருகிறது என்று கணக்குப் போட்டுச் சொல்ல வேண்டியது போடுகிறவர் பொறுப்பு. ஒரு பேனலில் ஓலை நிழல் விழுந்தால் அதோடு வரிசையாகக் கோத்த மற்ற பேனல்களின் உற்பத்தியும் குறையும், அதற்காகத்தான் வெட்டச் சொல்கிறார்கள். ஆனால் பேனலை வடக்கே தள்ளி வைக்கலாம், நிழல் விழுகிறவற்றைத் தனி வரிசையாகக் கோக்கலாம், ஒன்றின் நிழல் மற்றதைப் பாதிக்காமல் பார்த்துக்கொள்கிற ஆப்டிமைசர் கருவியைப் பேனலுக்குப் பேனல் வைக்கலாம். இவற்றைப் பற்றிப் பேசாமல் நேராக அரிவாளுக்குப் போகிறவர் வேண்டாம். பேனலைச் சுற்றி ஆள் நடக்க வழி விடவும் சொல்லுங்கள், அறுவடை மெஷின் ஓடுகிற நாட்களில் வைக்கோல் தூசி அப்பிக்கொள்ளும், கழுவியாக வேண்டும்.

கேள்வி: சோலார் போட்டால் புயல் நேரத்தில் கரண்ட் இருக்கும்தானே?
– வாசகர், மன்னார்குடி

பதில்: பேட்டரி இல்லாமல் மின்வாரிய லைனோடு இணைத்த சாதாரண ஆன்கிரிட் என்றால் இருக்காது. லைனில் கரண்ட் போனதும் இன்வெர்ட்டர் தானாக நின்றுவிடும், கம்பத்தில் ஏறி வேலை பார்க்கிறவர் உயிருக்காக வைத்த ஏற்பாடு அது. கஜாவுக்குப் பிறகு எத்தனை நாள் இருட்டில் கிடந்தோம் என்று நினைத்துப் பார்த்து, தேவையென்றால் பேட்டரியோடு ஹைபிரிட் கேளுங்கள், செலவு கூடும். இதை விற்கிறவர் தானாகச் சொன்னாரா, நீங்கள் கேட்டபிறகு சொன்னாரா என்பதையும் கவனியுங்கள்.

கேள்வி: “மானியத்தைக் கழித்துக்கொண்டு மீதியைக் கொடுங்கள்” என்கிறார் ஒருவர். நம்பலாமா? ஈபி கார்டு இன்னும் இறந்துபோன அப்பா பெயரில் இருக்கிறது.
– வாசகி, திருவாரூர்

பதில்: பிரதமர் சூரிய வீடு திட்டத்தில் முதல் 2 கிலோவாட்டுக்குக் கிலோவாட்டுக்கு 30,000, மூன்றாவதுக்கு 18,000, ஆக அதிகபட்சம் 78,000 ரூபாய். அந்தப் பணம் வேலை முடிந்து, லைனுக்குப் போகிற கரண்டையும் வருகிற கரண்டையும் கணக்கிடுகிற நெட் மீட்டர் மாட்டி, ஆய்வும் முடிந்தபிறகு உங்கள் வங்கிக் கணக்குக்குத்தான் வரும். அதனால் கழிப்பதென்றால் எப்படி என்று எழுத்தில் வாங்குங்கள். அவர் பெயர் திட்டத்தின் இணையதளத்தில் பதிவான நிறுவனங்கள் பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள். அப்படிப் பதிந்தவருக்கு 5 வருஷம் பராமரிக்கிற கடமையும் உண்டு. ஆனால் இதற்கெல்லாம் முன்னால் பெயர் மாற்றத்தை முடியுங்கள். இறப்புச் சான்று, வாரிசுச் சான்றோடு மின்வாரியப் பிரிவு அலுவலகத்துக்குப் போய்க் கேளுங்கள், அது முடிகிறவரை யாருக்கும் முன்பணம் வேண்டாம்.