முகத்தில் எழுதியிருக்கிறதா?

கேள்வி: ‘திருட்டு முழி’ என்கிறோமே, குற்றவாளியை முகத்தைப் பார்த்தே கண்டுபிடிக்க முடியுமா?

பதில்: முடியும் என்று இத்தாலிய மருத்துவர் செசாரே லொம்ப்ரோசோ 1876-இல் புத்தகமே எழுதினார். பெரிய தாடை, விடைத்த காது, நீண்ட கை எல்லாம் பிறவிக் குற்றவாளியின் அடையாளங்களாம். (என் காதும் விடைத்ததுதான், நல்லவேளை, அவர் கண்ணில் நான் படவில்லை.) இங்கிலாந்தில் சிறை மருத்துவர் சார்லஸ் கோரிங் சுமார் 3,000 கைதிகளை அளந்து, மற்றவர்களோடு ஒப்பிட்டு, அப்படித் தனி உடலமைப்பு எதுவும் கிடையாது என்று 1913-இல் காட்டினார். நாம்தான் விடவில்லை. குற்றம் என்றதும் இருட்டில் கத்தியோடு நிற்கும் அந்நியன் நினைவுக்கு வருகிறான். உலகில் கொல்லப்படும் பெண்களில் பாதிக்கு மேற்பட்டோரைக் கொல்வது துணைவரோ குடும்பத்தாரோதான். என் சேமிப்பை விழுங்கிய ஆசாமிக்குக் குழந்தை முகம். நானே நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார வைத்தேன்.