மாலை ஏழரைக்கே தூக்கம் வருவது நோயா?

கேள்வி: வயது 34, வங்கி ஊழியர். மாலை ஏழரைக்கே கண் சொக்குகிறது, அதிகாலை மூன்றரைக்கு விழித்துவிடுகிறேன். கல்லூரிக் காலத்திலிருந்தே இப்படித்தான். அப்பாவும் அத்தையும் இதே மாதிரி. மரபணு மாறிய எலிகளுக்குத் தூங்கும் நேரமே மாறிவிடும் என்று படித்தேன். எனக்கும் அதுதானா? தூக்க மாத்திரை போடலாமா?

பதில்: மாத்திரை வேண்டாம். நீங்கள் எட்டு மணி நேரம் நன்றாகவே தூங்குகிறீர்கள். தூங்கும் நேரம்தான் சீக்கிரமே வந்துவிடுகிறது.

எலி விஷயம் உங்களுக்கு நெருக்கமானதுதான். சக்கரம் வைத்த கூண்டில், முழு இருட்டில் விட்டாலும் சாதாரணச் சுண்டெலி ஏறக்குறைய 23.7 மணி நேரத்துக்கு ஒருமுறை எழுந்து சக்கரத்தில் ஓடத் தொடங்கும். உடலுக்குள் ஓடும் கடிகாரம்தான் இதற்குக் காரணம். 1994-ல் அமெரிக்காவில் ஜோசப் டகஹாஷி குழுவினர், 'கிளாக்' என்று பெயரிட்ட மரபணு மாற்றம் கொண்ட சுண்டெலிகளைக் கண்டறிந்தார்கள். பெற்றோர் இருவரிடமிருந்தும் அந்த மாற்றத்தைப் பெற்ற எலிகளுக்கு, இருட்டில் ஒரு 'நாள்' 27, 28 மணி நேரமாக நீண்டது. பிறகு ஓட்டத்தில் ஒழுங்கே இல்லாமல் போனது.

உங்கள் கதை இதற்கு நேர்மாறு. உடலின் 'நாள்' சுருங்கினால் தூக்கமும் சீக்கிரமே வந்துவிடும். தலைமுறை தலைமுறையாக அந்தி சாய்ந்ததும் தூங்கி, விடியுமுன் எழுந்த ஓர் அமெரிக்கக் குடும்பத்தில், உடல் கடிகாரத்தின் ஒரு பகுதியான 'பெர்2' என்ற புரதத்தின் 662-ஆம் இடத்தில் செரினுக்குப் பதில் கிளைசின் இருப்பது 2001-ல் தெரியவந்தது. புரதத்தைக் கட்டும் கற்களான அமினோ அமிலங்களில் ஒன்றே ஒன்றுதான் வித்தியாசம்! அதே மாற்றத்தைச் சுண்டெலிக்குள் புகுத்தியபோது அதன் 'நாள்' சுமார் 2 மணி நேரம் சுருங்கியது. உங்கள் குடும்பத்திலும் இதுபோல் ஏதோவொரு மாற்றம் இருக்கலாம். ஆனால் இப்படிச் சீக்கிரம் தூங்கும் எல்லாக் குடும்பங்களிலும் இதே மாற்றம் இருப்பதில்லை. பரிசோதனை செய்து பார்த்தாலும் சிகிச்சை மாறப்போவதில்லை. அந்தச் செலவு வேண்டாம்.

பணம் செலவில்லாத மருந்து வெளிச்சம். மாலையில் இரண்டு மணி நேரம் பளிச்சென்ற விளக்கொளியில் இருங்கள். வாக்கிங் போவதாக இருந்தால் காலையில் வேண்டாம், மாலை வெயிலில் போங்கள். மூன்றரைக்கு விழித்தால் விளக்கைப் போடாதீர்கள், செல்போனையும் எடுக்காதீர்கள். விழித்திரைக் கோளாறோ இருதுருவ மனநோயோ (பைபோலார்) இருந்தால் மட்டும் மருத்துவரைக் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள். சில வாரங்களில் தூக்கம் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளிப்போகலாம். இந்த நேரமே உங்களுக்கு வசதி என்றால் எதையும் மாற்ற வேண்டியதில்லை, அப்படியே இருக்கலாம்.

ஒன்றை மட்டும் கவனியுங்கள். விழிக்கும்போது மனம் பாரமாக இருக்கிறதா, பசி குறைந்திருக்கிறதா, எதிலும் பிடிப்பில்லையா? அப்படியானால் அது மனச்சோர்வாக இருக்கலாம். தள்ளிப்போடாமல் மனநல மருத்துவரைப் பாருங்கள்.