எட்டு பேருக்கு ஒரே ஆர்டர்: ரெகுலேட்டர் போர்டு பற்றி வாசகர் கேள்வி பதில்

கேள்வி (அம்மாப்பேட்டை வாசகர்): அண்ணா, வீட்டில் அசெம்பிள் செய்த ஆம்ப்ளிஃபயரில் பாட்டு நின்றதும் "ம்ம்ம்" என்று ஹம் கேட்கிறது. பிரீ ஆம்புக்கு (பவர் ஆம்புக்கு முன்னால் சிக்னலைத் தயார் செய்யும் பகுதி) தனியாக பிளஸ், மைனஸ் 15 வோல்ட் ரெகுலேட்டர், அதாவது வோல்ட்டை ஏறாமல் இறங்காமல் நிறுத்தும் சர்க்யூட், போடச் சொல்கிறார்கள். அதற்கான 317 (பிளஸ்), 337 (மைனஸ்) ஐசி இரண்டும் டவுனிலேயே கிடைத்துவிட்டன, போர்டுதான் இல்லை. ஆன்லைனில் ஒரு போர்டு விலைக்குப் பத்து ஐசி வாங்கலாம் போலிருக்கிறது. நண்பர்களோடு சேர்த்து எட்டு பேருக்கு வேண்டும். மலிவாக எங்கே வாங்குவது?

பதில்: எட்டு பேர் என்று எழுதியிருக்கிறீர்களே தம்பி, அதனால்தான் இந்தக் கடிதத்தை முதலில் எடுத்தேன். உங்கள் ஒருவருக்கு மட்டும் என்றால் போர்டே வாங்க வேண்டாம், கடையில் கிடைக்கும் ஜீரோ போர்டில் (வரிசையாகத் துளை போட்ட பொது போர்டு) ஒரு துண்டு வெட்டி, ஒரு மாலை உட்கார்ந்தால் முடிந்துவிடும் என்று சொல்லியிருப்பேன். இரண்டு ஐசி, நாலு ரெசிஸ்டர், சில கபாசிட்டர், நாலு டையோடு, அவ்வளவுதான் வேலை. எட்டு என்றால் கணக்கே வேறு.

தொழிற்சாலையில் அடித்து வாங்குவது இன்று உண்மையிலேயே மலிவு. சீனாவில் ஷென்ஜென் பக்கத்துத் தொழிற்சாலைகள் பலவும் ஐந்து போர்டுக்குக் குறைந்து எடுப்பதில்லை. ஆனால் பத்துக்குப் பத்து சென்டிமீட்டர் அளவுக்குள் இருந்தால் சொல்லும் விலையைப் பார்த்து நம்பவே முடியாது. அப்புறம் கூரியர் கட்டணம் வரும், சுங்க வரி வரும், அந்த வரியைக் கட்டித் தந்ததற்கென்று கூரியர்காரர் போடும் கட்டணம் தனியாக வரும். நான் முதல் தடவை வரவழைத்தபோது போர்டுக்குக் கொடுத்ததைவிட வந்து சேர்ந்த செலவு பல மடங்கு ஆகி, கதவருகே நின்று ரசீதை இரண்டு முறை படித்தேன். அடையாளச் சான்று கேட்டு பார்சலை நிறுத்தியும் வைப்பார்கள், அதை முன்கூட்டியே கொடுத்துவிடுங்கள். ஒரு போர்டுக்கு இவ்வளவு என்று கேட்பதை விட்டுவிட்டு, எல்லாம் சேர்ந்து வீடு வந்து சேர எவ்வளவு, அதை எத்தனை பேர் பங்கு போடுகிறோம் என்று கேளுங்கள். பெங்களூரிலும் குஜராத்திலும் சின்ன எண்ணிக்கைக்கு அடித்துத் தருகிறவர்கள் இருக்கிறார்கள். போர்டு விலை அங்கே கூடுதலாகத் தெரியும், ஆனால் சுங்கம் இல்லை, பெங்களூரு நம் சேலத்திலிருந்து 200 கிலோமீட்டர்தான். இரண்டு இடத்திலும் மொத்தத் தொகையைக் கேட்டு வாங்கி, பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்த்தபிறகு முடிவு செய்யுங்கள்.

317, 337 இரண்டும் சேர்ந்த ஒரு ஜோடி ஐந்துக்கு ஐந்து சென்டிமீட்டரில் தாராளமாக அடங்கும். அதையே நாலு முறை போட்டால் பத்துக்குப் பத்து நிறைந்துவிடும். ஐந்து போர்டு வந்தால் இருபது ஜோடி, எட்டு பேருக்கும் போக மீதி இருக்கும், நாளைக்கு இன்னொருவர் கேட்டால் கொடுக்கலாம். ஒரே போர்டில் பல துண்டு இருந்தால் சில இடங்களில் கூடுதல் பணம் கேட்பார்கள், ஆர்டர் போடும் முன்பே விசாரித்துவிடுங்கள். வெட்டுவதற்கு ஹேக்சா போதும், ஆனால் அது கண்ணாடி இழைத் தூள், மூக்கையும் வாயையும் கட்டிக்கொண்டு வெளியில் வைத்து அறுங்கள். வரைவதற்கு கிகேட் மென்பொருள் இலவசம், அதிலிருந்து எடுக்கும் கெர்பர் ஃபைல்களை (போர்டின் ஒவ்வொரு அடுக்குக்கும் உள்ள வரைபடம்) தான் தொழிற்சாலை கேட்கும்.

வரையும்போது மூன்று இடங்களைக் கவனியுங்கள், நானே ஒவ்வொன்றிலும் அடி வாங்கியிருக்கிறேன். முதலாவது, எழுத்து நம்மைப் பார்த்திருக்க, 317-இன் கால்கள் இடமிருந்து அட்ஜஸ்ட், அவுட், இன். 337-இல் அட்ஜஸ்ட், இன், அவுட். ஒன்றை காப்பி செய்து இன்னொன்று ஆக்கினால் போர்டு வந்து கையில் இருக்கும்போதுதான் தெரியும். அதேபோல 317-இன் முதுகுத் தகடு அவுட், 337-இன் தகடு இன். இரண்டையும் ஒரே ஹீட்சிங்கில் மின்சாரம் கடத்தாத மைகாத் தகடும் திருகுக்கான புஷ்ஷும் இல்லாமல் இறுக்கினால் ஷார்ட் ஆகிவிடும்.

இரண்டாவது, அவுட்டுக்கும் அட்ஜஸ்ட்டுக்கும் இடையே வரும் சின்ன ரெசிஸ்டர். அதை ஐசியின் அவுட் காலிலேயே ஒட்டி வைக்க வேண்டும், தடத்தின் கடைசியில் கனெக்டர் பக்கத்தில் வைத்தால் தடத்தில் விழும் துளி வோல்ட்டையும் ஐசி பெருக்கி எடுத்துக்கொள்ளும். மாறாக, அட்ஜஸ்ட்டிலிருந்து கிரவுண்டுக்கு இறங்கும் பெரிய ரெசிஸ்டரின் அடி, லோடின் கிரவுண்டில் போய்ச் சேர வேண்டும். ரெடிமேட் போர்டு வாங்குவதாக இருந்தாலும் விற்கிறவர் போட்ட படத்தைப் பெரிதாக்கி இந்த இரண்டு ரெசிஸ்டரையும் தேடிப் பாருங்கள், வரைந்தவருக்கு வேலை தெரியுமா என்று அதிலேயே தெரிந்துவிடும்.

மூன்றாவதுதான் உங்கள் ஹம்மோடு நேராகச் சம்பந்தப்பட்டது. டிரான்ஸ்ஃபார்மரின் நடு ஒயருக்கும் ஃபில்டர் கபாசிட்டருக்கும் நடுவே, நொடிக்கு 100 தடவை, மின்சாரம் வெடுக் வெடுக்கென்று பாய்கிறது. ஆடியோவுக்கான கிரவுண்டை அந்தப் பாதையின் நடுவிலிருந்து எடுத்தால், ரெகுலேட்டர் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் ஹம் அப்படியே வரும். கபாசிட்டர்களைத் தாண்டி எடுங்கள். ஆர்டர் போடும் முன் இன்னொன்றும் செய்து பாருங்கள்: பவர் ஆம்ப் இன்புட்டில் சிக்னலையும் கிரவுண்டையும் ஒரு சின்னக் கம்பியால் ஷார்ட் செய்யுங்கள். அப்போதும் ஹம் நிற்காவிட்டால் குற்றம் பிரீ ஆம்பில் இல்லை, இந்த போர்டு அதைத் தீர்க்காது.

ரெசிஸ்டர் கணக்கு: மேலே 120 ஓம், கீழே 1.3 கிலோ ஓம் போட்டால் 14.9 வோல்ட் பக்கம் வரும். 120-க்குப் பதில் 240 போடுகிறவர்கள் உண்டு, ஆனால் 317-க்குக் குறைந்தது 10 மில்லி ஆம்பியர் ஓடினால்தான் எல்லா ஐசியும் ஒழுங்காக நிற்கும், அதனால் நான் 120-தான் போடுவேன். அட்ஜஸ்ட் காலுக்கும் கிரவுண்டுக்கும் இடையே 10 மைக்ரோ ஃபாரட் ஒன்று வையுங்கள். ரிப்பிளை, அதாவது டிசியில் மிஞ்சி நிற்கும் ஏற்ற இறக்கத்தை, அடக்குவது 65 டெசிபலிலிருந்து 80-க்கு ஏறுகிறது. கொடுக்கிற காசுக்கு இவ்வளவு பலன் தருகிற பார்ட் இந்த போர்டில் வேறு இல்லை.

கேள்வி (செவ்வாய்ப்பேட்டை வாசகர்): வெள்ளிக் கொலுசு வேலை எங்களுக்கு. பற்ற வைப்பது கைவந்த பழக்கம்தான், ஆனால் போர்டில் பற்ற வைத்தால் செம்புத் தடமே உரிந்து வந்துவிடுகிறது. ஃபெரிக் குளோரைடில் நானே அரித்த பழுப்பு போர்டு. என்ன தப்பு?

பதில்: வெள்ளியைப் பற்ற வைக்கும் பொடி வைத்து ஊதிப் பழகிய கைக்கு இது வரும், சூடு அதிகமாகிவிடுகிறது. வெள்ளிப் பொடி உருக 600 டிகிரிக்கு மேல் வேண்டும், 60/40 ஈயம் 190 டிகிரியிலேயே உருகிவிடும். இரும்பு முனையை 350-இல் வைத்து, காலையும் செம்பையும் சேர்த்துத் தொட்டு, ஈயத்தைக் கொடுத்து, மூன்று நொடிக்குள் கையை எடுத்துவிடுங்கள். வெங்காரம் இங்கே கூடவே கூடாது, ஈயக் கம்பிக்குள் இருக்கும் ரோசின் போதும். பழுப்பு போர்டில் செம்பு பிடிப்பு குறைவு, பச்சைக் கண்ணாடி இழை போர்டுக்கு மாறினால் பாதிப் பிரச்சினை போய்விடும்.

நீங்களே அரிப்பதால் ஒன்று: தடத்தை லேசர் பிரிண்டில் எடுத்து இஸ்திரிப் பெட்டியால் பதிப்பீர்கள் என்று நினைக்கிறேன். அடிப்பக்கச் செம்புக்கு மென்பொருளில் தெரிவதை அப்படியே எடுங்கள், திருப்ப வேண்டாம். காகிதத்தில் எழுத்து கண்ணாடியில் பார்ப்பதுபோல் இடம் மாறித் தெரிந்தால் செம்பில் நேராக விழும். மிஞ்சிய கரைசலைச் சாக்கடையில் ஊற்றாதீர்கள், பிளாஸ்டிக் கேனில் மூடி வைத்துத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தலாம். அதில் செம்பு கலந்திருக்கிறது, கிணற்றுத் தண்ணீர் குடிக்கிற தெரு நம்முடையது.

கேள்வி (ஏற்காடு வாசகர்): எஸ்டேட் வீட்டில் கரண்ட் 190-க்கு இறங்குகிறது, சில நாள் 250. 15-0-15 (நடு ஒயரின் இரு பக்கமும் 15 வோல்ட் தரும்) டிரான்ஸ்ஃபார்மரோடு 15 வோல்ட் ரெகுலேட்டர் போட்டேன், மாலையில் மட்டும் ஹம் வருகிறது. மழைக்காலத்தில் கரகரவென்றும் சத்தம். நல்ல விலையுள்ள போர்டு வாங்கினால் சரியாகுமா?

பதில்: வேண்டாம் சார், போர்டை மாற்றிப் பணத்தை வீணாக்காதீர்கள். 230 இருக்கும்போது உங்கள் கபாசிட்டரில் 20 வோல்ட் நிற்கிறது, 190-க்கு இறங்கினால் 16.5. 317-க்கு உள்ளே வருவது வெளியே போவதைவிட இரண்டு மூன்று வோல்ட்டாவது கூடுதலாக இருக்க வேண்டும். இருப்பது ஒன்றரை, அதனால் ரிப்பிள் அப்படியே கடந்து போகிறது. ஊர் முழுக்க விளக்கு எரிகிற நேரத்தில் மட்டும் ஹம் வருவது இதனால்தான். 18-0-18 போடுங்கள். 190-இலும் 20 வோல்ட் கிடைக்கும், 250-இல் 27-ஐ நெருங்கும். கபாசிட்டர் 35 வோல்ட்டுக்குக் குறையக் கூடாது, ஐசிக்குச் சின்ன ஹீட்சிங்கும் வையுங்கள்.

கரகர சத்தத்துக்குக் காரணம் பெரும்பாலும் பற்ற வைத்தபிறகு துடைக்காமல் விட்ட ஃபிளக்ஸ், அதாவது ஈயக் கம்பியிலிருந்து வரும் ரோசின் பசை. மலைப் பனியில் அது ஈரத்தை இழுத்துக்கொண்டு தடங்களுக்கு நடுவே கசிகிறது. ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலும் பழைய டூத் பிரஷ்ஷும் வைத்துத் தேய்த்து, நன்றாகக் காய்ந்தபிறகு போர்டுக்கென்று விற்கிற லேக்கர் ஒரு பூச்சு அடித்துவிடுங்கள். கோடை மழை இடி இடிக்கும்போது பிளக்கைச் சுவரிலிருந்து பிடுங்கி வையுங்கள், சுவிட்சை மட்டும் அணைத்தால் போதாது.

கேள்வி (சூரமங்கலம் வாசகி): எல்டி 3045 என்ற ஐசி போட்ட ரெடிமேட் போர்டு சத்தமே இல்லாதது என்கிறார்கள். 317-ஐ விட்டு அதற்கு மாறலாமா? அதையே டிடிஏ 7294 பவர் போர்டுக்கும் கொடுக்கலாமா?

பதில்: ஐசி அருமையானது, அதன் இரைச்சல் ஒரு மைக்ரோ வோல்ட்டுக்கும் கீழே. ஆனால் உள்ளே 20 வோல்ட்டுக்கு மேல் கொடுக்கக் கூடாது, 500 மில்லி ஆம்பியர்தான் தரும், அடியில் செம்புத் திண்டு வைத்த பொடி ஐசி என்பதால் சாதாரண இரும்பு முனையால் வைப்பது சிரமம். டேக் (டிஜிட்டல் பாட்டை ஆடியோ சிக்னலாக மாற்றும் சர்க்யூட்), அதற்குத் தாளம் தரும் கிளாக் மாதிரி இடங்களுக்கு ரெடிமேடாகவே வாங்குங்கள், செலவுக்கு அர்த்தம் உண்டு. பேஸ் டிரெபிள் போர்டில் இருக்கும் 5532 போன்ற ஐசி, சப்ளையில் வரும் ஹம்மைத் தானே 100 டெசிபல் அளவுக்கு அடக்கிக்கொள்ளும், அங்கே 317 தாராளம். டிடிஏ 7294-க்கு இரண்டுமே வேண்டாம், அதை ஃபில்டர் கபாசிட்டரிலிருந்து நேராக ஓட்டுங்கள். 317 கொடுப்பதே ஒன்றரை ஆம்பியர், ஒரு பேஸ் அடிக்கு அது காணாது. ரெகுலேட்டருக்கு வைத்திருக்கிற பணத்தில் டிரான்ஸ்ஃபார்மரை ஒரு படி பெரிதாகச் சுற்றச் சொல்லி வாங்குங்கள்.