வீட்டு வளாகத்தில் உள்ள பெரிய மரத்தை வெட்டி அகற்ற எவ்வளவு செலவாகும்?

வீட்டின் பக்கவாட்டில் நாற்பதடி வேப்பமரம், நுனிகள் காய்ந்துகொண்டு வருகின்றன, ஒருவர் 9,000 ரூபாய் கேட்டார், இன்னொருவர் 30,000 கேட்டார், யார் ஏமாற்றுகிறார் என்று கேட்டிருக்கிறீர்கள். இருவருமே ஏமாற்றாமல் இருக்கலாம். ஒரே மரத்தைப் பார்த்துவிட்டு இருவரும் வெவ்வேறு வேலைக்கு விலை சொல்லியிருக்கிறார்கள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

நான் இதுவரை மூன்று முறை மரம் வெட்ட ஆள் பேசியிருக்கிறேன். ஒரு முறை எனக்குப் பணம் வந்தது. மற்ற இரண்டு முறையும் நான் கொடுத்தேன்.

பணம் வந்தது மன்னார்குடிக்குப் பக்கத்தில் உள்ள எங்கள் கிராமத்து வீட்டில். கொல்லையில் ஒரு கிழ மாமரம், அடிமரம் இரண்டு பேர் கைகோத்துக் கட்டிப்பிடிக்கும் அளவு. காய்ப்பு நின்று பல வருடங்கள். மர வியாபாரி வந்து சுற்றிப் பார்த்தார், கயிற்றால் சுற்றளவு அளந்தார், 7,000 ரூபாய் கொடுத்துவிட்டு அவரே ஆள் வைத்து வெட்டி ஏற்றிக்கொண்டு போனார். பின்னால் வயல், அறுவடை முடிந்து காய்ந்து கிடந்தது. வடம் கட்டி இழுத்து மரத்தை அப்படியே வயல் பக்கம் சாய்த்தார்கள். காலையில் தொடங்கிய வேலை மதியச் சாப்பாட்டுக்குள் முடிந்தது.

அதைவிடச் சிறிய வேப்பமரம்தான் குரோம்பேட்டையில் நாங்கள் குடியிருக்கும் வீட்டில் இருந்தது. அதற்கு 24,500 ரூபாய் ஆனது.

இரண்டு மரத்தையும் ஒப்பிட்டுப் பார்த்தபோது எனக்குப் புரிந்தது இதுதான்: அறுப்பதற்கு ஆகும் கூலி சொற்பம். மரத்தை எதன்மீதும் விழாமல் தரைக்குக் கொண்டுவந்து சேர்ப்பதற்குத்தான் நாம் பணம் கொடுக்கிறோம். விழ இடம் இருக்கும் மரம் வரவு, விழ இடமில்லாத மரம் செலவு. அதனால் 'நாற்பதடி மரம்' என்ற தகவலை மட்டும் வைத்து உங்களுக்கு யாராலும் விலை சொல்ல முடியாது. மதிலுக்கும் மரத்துக்கும் எத்தனை அடி, பக்கத்து வீட்டுக் கூரை ஓடா கான்கிரீட்டா, மின்கம்பி எந்தப் பக்கம் போகிறது, வெட்டிய கட்டையை வெளியே எடுத்துப் போக எவ்வளவு அகலமான வழி இருக்கிறது என்பதுதான் விலை.

எங்கள் வேப்பமரத்தின் கதையை விரிவாகவே சொல்கிறேன், உங்களுடையதும் ஏறக்குறைய அதே நிலையில் இருப்பதாகத் தெரிகிறது. 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் அடித்தபோது எங்கள் தெருவில் பல மரங்கள் சாய்ந்தன. இது நின்றது, ஆனால் வீட்டுப் பக்கமாகச் சற்றுச் சாய்ந்துவிட்டது. அதற்குப் பிறகும் ஆறு மழைக்காலம் எங்களோடு இருந்தது. 2023-இல் அடிமரத்தில் காளான் பூத்தது. சுத்தியல் காம்பால் தட்டினால் ஒரு பக்கம் மட்டும் பொந்துச் சத்தம் கேட்டது. சாய்ந்த பக்கத்துக்கு எதிர்ப்பக்கம் மண் வெடித்து மேலெழும்பியிருந்தது. வடகிழக்குப் பருவமழை தொடங்குவதற்கு முன் முடித்துவிட வேண்டும் என்று செப்டம்பரில் ஆள் தேடினேன்.

மூன்று பேர் வந்து பார்த்தார்கள். 9,000, 18,000, 26,000 என்று விலை வந்தது. 9,000 சொன்னவர் வாசலில் நின்றபடியே சொன்னார், பின்பக்கம் வரவே இல்லை. 18,000 சொன்ன மேஸ்திரி அரை மணி நேரம் இருந்தார். மொட்டை மாடிக்கு ஏறி மேலிருந்து பார்த்தார், பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிட்டு அவருடைய தண்ணீர்த் தொட்டி எங்கே இருக்கிறது என்று கேட்டார், மின்கம்பியைக் காட்டி, "அம்மா, மின்சாரத்தை நிறுத்தாமல் நான் ஆளை மேலே ஏற்ற மாட்டேன்" என்றார். அந்த ஒரு வார்த்தைக்காகவே அவரிடம் வேலையைக் கொடுத்தேன்.

ஐந்து பேர் வந்தார்கள், இரண்டு நாள் ஆனது. ஒருவர் மேலே. கீழே ஒருவர் வடத்தைப் பிடித்தபடி. இருவர் இறங்கிய கிளையை இழுத்துத் துண்டு போட, ஒருவர் தெருவில் போகிறவர்களை நிறுத்த. அறுக்க வேண்டிய கிளையில் வடத்தைக் கட்டி, அதற்கு மேலே உள்ள உறுதியான கவையில் (கிளை பிரியும் இடத்தில்) போட்டு, மறுமுனையைக் கீழே இன்னொரு மரத்தண்டில் இரண்டு சுற்றுச் சுற்றிக்கொள்கிறார்கள். மேலே ரம்பம் ஓட, கிளை முறிந்ததும் கீழே இருப்பவர் கயிற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக விடுகிறார். ஆள் உயரக் கிளை ஒன்று பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தொட்டியை உரசாமல் ஊஞ்சல்போல இறங்கி வந்ததைப் பார்த்தபோது, இதற்கு 18,000 ரூபாய் அதிகமில்லை என்று நினைத்தேன். மேலே இருந்தவருக்கு நாற்பத்தைந்து வயதாவது இருக்கும். காய்ந்த கிளையில் அவர் ஒரு முறைகூடக் கால் வைக்கவில்லை.

பட்டுப்போன மரத்துக்குக் கூலி ஏன் கூடுகிறது என்பதும் அப்போதுதான் தெரிந்தது. பச்சை மரத்தின் கிளை முறிவதற்கு முன் வளையும், சத்தம் கொடுக்கும். காய்ந்தது சொல்லாமல் முறியும். ஏறுகிறவருக்கு நம்பி நிற்க இடமில்லை, வடம் போடக் கவை இல்லை. சில மரங்களுக்கு கிரேன் கொண்டுவர வேண்டியதாகிவிடும், அதன் வாடகை தனி. உண்மையிலேயே பட்டுவிட்ட மரம் என்றால் தள்ளிப்போடாதீர்கள்.

ஆனால் உங்கள் மரம் உண்மையிலேயே பட்டுவிட்டதா? வெட்டுவதற்கு முன் இதைப் பார்த்தே ஆக வேண்டும். சில ஆண்டுகளாகத் தமிழ்நாட்டில் மழைக்குப் பின் பனிக்காலத்தில் வேப்பமரங்கள் நுனியிலிருந்து கருகி, தீய்ந்ததுபோல நிற்கின்றன. தேயிலைக் கொசு என்று வேளாண் துறையினர் சொல்லும் சாறு உறிஞ்சும் பூச்சியும், கூடவே ஒரு பூஞ்சையும் இதற்குக் காரணம். வெயில் ஏறியதும் இப்படிப்பட்ட மரங்களில் பெரும்பாலானவை மறுபடி துளிர்த்துவிடுகின்றன. காய்ந்த கிளைக்குச் சற்றுக் கீழே, விரல் பருமனான கொம்பில் பட்டையை நகத்தால் கீறிப் பாருங்கள். உள்ளே பச்சையும் ஈரமும் இருந்தால் மரம் உயிரோடு இருக்கிறது. அப்படியானால் காய்ந்த கொம்புகளை மட்டும் கழித்துவிட்டு ஒரு கோடையைப் பொறுத்துப் பாருங்கள். உயிருள்ள வேப்பமரத்தை, கருகிய நுனியைப் பார்த்துப் பயந்து வெட்டிவிட்டார்கள் என்று கேள்விப்படும்போதெல்லாம் எனக்கு மனம் கனக்கிறது. அந்த நிழலை மறுபடி வளர்க்க இருபது வருடம் வேண்டும்.

வெட்டித்தான் ஆக வேண்டும் என்றால், பேசிய தொகையில் எது அடங்கும், எது அடங்காது என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள். என்னுடைய 18,000 ரூபாயில் அடிக்கட்டை சேரவில்லை. 'தரையோடு அறுத்துவிடுவோம்' என்பதுதான் பேச்சு. ஜேசிபி விட்டால் ஒரு மணி நேரத்தில் பிடுங்கிவிடும், மணிக்கு 1,300 ரூபாய், குறைந்தது இரண்டு மணி நேர வாடகை என்றார்கள். எங்கள் பக்கவாட்டு வழி நான்கடி, ஜேசிபி எப்படி நுழையும்? இரண்டு ஆட்கள் இரண்டு நாள் கடப்பாரையும் கோடாலியுமாகத் தோண்டினார்கள். ஆளுக்கு நாள் கூலி 1,000, ஆக 4,000. இலை தழைகளையும் சிறு கொம்புகளையும் வண்டியில் ஏற்றி அப்புறப்படுத்த 2,500. மொத்தம் 24,500. அடிக்கட்டையை மண்ணுக்குள்ளேயே விட்டிருந்தால் 4,000 மிச்சமாகியிருக்கும். ஆனால் அது மட்கத் தொடங்கினால் கரையான் வரும், சுவரோரத்தில் அது வேண்டாம் என்று முடிவு செய்தோம். மரம் சுவரிலிருந்து தள்ளி இருந்தால் நான் விட்டிருப்பேன்.

மரம் யாருக்கு என்பதையும் பேசிவிட வேண்டும். 'மரம் எங்களுக்கு, கூலியை நீங்கள் கொடுக்க வேண்டும்' என்பது நகரத்தில் வழக்கமான பேச்சு. வேம்பின் அடிமரத்துக்கு மதிப்பு உண்டு, நிலை, ஜன்னல் செய்ய எடுப்பார்கள். தேக்கு என்றால் கன அடிக் கணக்கில் தனியாகவே பேசலாம். எங்கள் மரத்தில் பொந்து விழுந்திருந்ததால் விறகுக்குத்தான் போனது. நல்ல அடிமரம் இருந்தால், கூலியில் அதற்கு எவ்வளவு கழித்திருக்கிறீர்கள் என்று நேராகக் கேளுங்கள். கேட்பதில் தவறே இல்லை.

நான் பட்ட நஷ்டம் தென்னையில். 2021-இல் அதே வீட்டின் முன்பக்கம் இரண்டு தென்னை. மரத்துக்கு 4,500 என்று பேசி 9,000 ரூபாய்க்கு ஒரு குழுவிடம் கொடுத்தேன். தென்னையில் கிளை கிடையாது, வடம் போடக் கவையும் கிடையாது. முதலில் கொண்டையை வெட்டி இறக்கிவிட்டு, தண்டை மூன்றடி நான்கடித் துண்டுகளாக அறுத்து, ஒவ்வொன்றையும் கட்டி இறக்க வேண்டும். அவர்கள் அவசரத்தில் கட்டாமல் தள்ளினார்கள். ஒரு துண்டு மதிலில் பட்டு எகிறி, பக்கத்து வீட்டு ஆஸ்பெஸ்டாஸ் கூரையில் விழுந்தது. உள்ளே யாரும் இல்லாதது தெய்வாதீனம். கூரைக்கு 3,500 ரூபாயை நான்தான் கொடுத்தேன், ஏனென்றால் சேதம் யார் பொறுப்பு என்று நாங்கள் பேசியிருக்கவே இல்லை. இப்போது அதை ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்துப் போட்ட பிறகுதான் முன்பணம் கொடுக்கிறேன். அதைவிட முக்கியம், ஏறுகிறவருக்கு இடுப்புப் பட்டையும் தலைக்கவசமும் இருக்கிறதா என்று பார்க்கிறேன். ஒரு மனிதர் நம் வீட்டு மரத்திலிருந்து விழுந்தால் அதை எந்தத் தொகையும் ஈடு செய்யாது. 2,000 ரூபாய் கூடுதலாகக் கேட்டாலும் பட்டை கட்டி ஏறுகிறவரிடம்தான் வேலையைக் கொடுங்கள்.

தென்னையைப் பற்றிப் பேசும்போது கஜா புயல் நினைவுக்கு வராமல் இருக்காது. 2018 நவம்பரில் எங்கள் மன்னார்குடிப் பக்கத்துத் தோப்புகள் ஒரே இரவில் படுத்துவிட்டன. அரசு விழுந்த தென்னை ஒன்றுக்கு 1,100 ரூபாய் அறிவித்தது: மரத்துக்கு 600, அதை வெட்டி அப்புறப்படுத்த 500. திறந்த தோப்பில், ஏற்கெனவே தரையில் கிடக்கும் மரத்தை அகற்றுவதற்கே 500 என்று அரசு கணக்கிட்டது என்றால், மதிலுக்கும் மின்கம்பிக்கும் நடுவில் நிற்கும் மரத்தை இறக்க 4,500 கேட்பதில் அநியாயம் ஒன்றுமில்லை. அந்த நாட்களில் 500 ரூபாய்க்கு ஆளே கிடைக்கவில்லை என்பது வேறு. புயலுக்கு மறுநாள் ஆள் தேடினால் சொன்னதுதான் விலை. வேலையை ஆடி, ஆவணியில் வைத்துக்கொள்வது நல்லது.

அனுமதி விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மதிலுக்கு வெளியே, தெருவோரத்தில் நிற்கும் மரம் நீங்கள் நட்டு வளர்த்ததாகவே இருந்தாலும் உங்களுடையது அல்ல. ஆள் வைத்து வெட்டக் கூடாது. சென்னை மாநகராட்சி எல்லைக்குள் என்றால் 1913 என்ற புகார் எண்ணில் சொல்லலாம், மற்ற ஊர்களில் உள்ளாட்சி அலுவலகத்தில் எழுதிக் கொடுக்க வேண்டும். சந்தன மரத்தைச் சொந்த நிலத்தில் இருந்தாலும் வனத்துறையைக் கேட்காமல் தொடக் கூடாது. நீலகிரி, கொடைக்கானல் போன்ற மலைப்பகுதிகளில் 1955-ஆம் ஆண்டு மரப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது, அங்கே சொந்த மரத்துக்கும் அனுமதி வேண்டும். மின்கம்பிக்குப் பக்கத்தில் வேலை என்றால் உங்கள் பகுதி மின்வாரியப் பிரிவு அலுவலகத்தில் முன்கூட்டியே சொல்லுங்கள். பராமரிப்புக்காக மின்தடை செய்யும் நாளில் வேலையை வைத்துக்கொண்டால் எல்லோருக்கும் வசதி. நாங்கள் அப்படித்தான் செய்தோம்.

உங்கள் மரத்துக்கு என் கணக்கு: பட்டை பச்சையாக இருந்து, காய்ந்த கொம்பை மட்டும் கழிப்பதென்றால் 4,000 முதல் 6,000-க்குள் முடியும். முழுதாக எடுப்பதென்றால், நீங்கள் சொல்வதுபோல மரம் வீட்டை ஒட்டியே இருப்பதால், அடிக்கட்டையும் குப்பையும் சேர்த்து 20,000 முதல் 30,000 வரை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். 30,000 சொன்னவரிடம் அதில் அடிக்கட்டையும் அடக்கமா என்று கேளுங்கள். 9,000 சொன்னவரை மறுபடி வீட்டுக்கு அழைத்து, மரத்தடியில் நிற்க வைத்து, முதல் கிளையை எந்தப் பக்கம் இறக்குவீர்கள், வடத்தை எங்கே கட்டுவீர்கள், எத்தனை ஆள் வருவீர்கள் என்று கேளுங்கள். அவர் மேலே அண்ணாந்து பார்த்து யோசித்துப் பதில் சொல்கிறாரா, அல்லது 'அதெல்லாம் பார்த்துக்கொள்ளலாம்' என்கிறாரா என்று கவனியுங்கள். இரண்டாவது என்றால் அந்த 9,000 உங்களுக்கு வேண்டாம்.